மாஸ்டர் பவுடர் வாங்கச் சொல்கிறார், அம்மா கொள்ளு கட்டிக் கொடுக்கிறார்: எதை நம்புவது?

காரிமங்கலம்_23
ஞாயிறு, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 23 வயது, சொந்த ஊர் காரிமங்கலம் பக்கம், வேலை ஓசூர் சிப்காட்டில், கான்ட்ராக்ட் லேபர். உயரம் 5 அடி 8. ரூமுக்குப் பக்கத்தில் இருக்கிற ஜிம்மில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, சேரும்போது 58 கிலோ இருந்தேன், இப்போது 60. அவ்வளவுதான் ஏறியிருக்கிறது.

மாஸ்டர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "சாப்பாட்டுல வர்றது உடம்பு ஓட்டத்துக்கே சரியாப் போயிடும், சதை ஏறணும்னா வே புரோட்டீன் ஒரு டப்பா, மாஸ் கெய்னர் ஒரு டப்பா எடுத்துக்கோ." வே என்பது பாலிலிருந்து எடுக்கிற புரதப் பவுடராம், மாஸ் கெய்னர் எடை ஏற்றுகிற பவுடராம். இரண்டும் சேர்த்து 9,500 ரூபாய், இரண்டு தவணையாகக் கொடுத்தால் போதும் என்கிறார். கைக்கு வருவது 16,000, அதில் வீட்டுக்கு 5,000 போய்விடும், ரூம் வாடகை, மெஸ் போக மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம் அம்மா. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊருக்குப் போனால் இரண்டு கிலோ கொள்ளு, ஒரு பை நிலக்கடலை கட்டிக் கொடுத்துவிடுவார். அது ரூமில் கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது, உண்மையைச் சொல்கிறேன்.

என்னோடு அதே வாரம் சேர்ந்த பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு நான்கு மாதத்தில் சட்டைக் கை பத்தவில்லை. கண்ணாடி முன்னால் அவன் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு மனசு சுருங்கிப்போகிறது. பவுடர் இல்லாமல் நடக்கவே நடக்காதா, கொள்ளும் கடலையும் அந்த டப்பாவுக்கு ஈடாகுமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்புப்பட்டறை
ஞாயிறு, இரவு 11.05

தம்பி, கிருஷ்ணகிரியில் 17 வருடமாகச் சின்னதாக ஒரு ஜிம் நடத்துகிறேன். பவுடரைப் பிறகு பார்ப்போம். நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டாய், பெஞ்சில் படுத்து மார்புக்கு மேல் முதல் மாதம் எவ்வளவு எடை தூக்கினாய், இப்போது எவ்வளவு, இதை மட்டும் ஒளிக்காமல் எழுது.

காரிமங்கலம்_23
ஞாயிறு, இரவு 11.20

காலையில் கேன்டீனில் 4 இட்லி. மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல். சாயங்காலம் டீ, பிஸ்கட். ராத்திரி மெஸ்ஸில் 3 சப்பாத்தி, குருமா. முட்டை வாரத்துக்கு இரண்டு, ஞாயிற்றுக்கிழமை கோழி. பெஞ்ச் முதல் மாதம் 40 கிலோ, இப்போதும் 40 தான் அண்ணா. கால் பயிற்சி செய்வதில்லை, ஷிப்டில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை.

இரும்புப்பட்டறை
திங்கள், காலை 6.15

எழுதியதைப் படித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. நீ எழுதிய சாப்பாட்டில் புரதம் ஒரு நாளைக்கு 40 கிராமைத் தாண்டாது. சாதாரணமாக வேலை செய்கிற மனிதனுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்வது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், உன் 60 கிலோவுக்கு 50. அதற்கே பத்து குறைகிறது. இரும்பு தூக்குகிறவனுக்கு அதுவும் போதாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018ல் வந்த ஒரு பெரிய அலசலில், கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்கு மேல் போனால் சதைக்குக் கூடுதலாகப் பெரிய பலன் இல்லை என்று கண்டார்கள். உனக்கு அது 96 கிராம். அதற்கு மேல் ஒரு டப்பா என்ன, பத்து டப்பா குடித்தாலும் கையில் வந்து ஒட்டாது.

இப்போது 96ஐ நம் ஊர்ச் சாப்பாட்டில் எப்படித் தேற்றுவது? முட்டை ஒன்றுக்கு 6 கிராம், நாலு முட்டை 24. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதே அந்தக் கொள்ளு, அது நூறு கிராமுக்கு 22, ஒரு கைப்பிடி 50 கிராம் போட்டால் 11. கடலை இன்னொரு கைப்பிடி, 12. பால் அரை லிட்டர், 16. சோயா உருண்டை காய்ந்தபடி 30 கிராம், அதில் 15. இது 78 ஆகிவிட்டது. நீ ஏற்கெனவே சாப்பிடுகிற சோறு, சப்பாத்தி, இட்லியில் 30க்கு மேல் இருக்கிறது. கோழி சேர்க்காமலே 100ஐத் தாண்டியாகிவிட்டது. செலவும் பெரிதாக ஆகாது, கொள்ளும் கடலையும் அம்மா கொடுப்பதால் இன்னும் குறையும்.

அடுத்து பெஞ்ச். ஐந்து மாதம் அதே 40 கிலோ என்றால், போன மாதமே உடம்புக்கு அந்த எடை பழகிப்போயிற்று. தூக்க முடியாததைத் தூக்கப் பழகும்போதுதான் சதை ஏறும். என் ஜிம்மில் சேருகிற ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுப்பேன், தேதி, எடை, எத்தனை ரெப்ஸ் (எத்தனை தடவை தூக்கினாய்), எல்லாம் அதில் எழுத வேண்டும். போன வாரம் 40 கிலோவில் 8 என்றால் இந்த வாரம் 9 வர வேண்டும், 12 வந்ததும் 42.5 போட வேண்டும். நோட்டு எழுதாத பையன்கள் வருடக்கணக்காக ஒரே டம்பிள்ஸைச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். உன் மாஸ்டர் ஒருமுறையாவது நீ எவ்வளவு தூக்குகிறாய் என்று கேட்டாரா?

அப்புறம் அந்த மாஸ் கெய்னர். டப்பாவின் பின்பக்கம் படித்துப் பார், பெரும்பாலானவற்றில் நூறு கிராமுக்கு எழுபது கிராமுக்கு மேல் மால்டோடெக்ஸ்ட்ரினும் சர்க்கரையும்தான் இருக்கும். அது வெறும் மாவுச்சத்து. இரண்டு வாழைப்பழம், ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், மேலே ஒரு பிடி கடலை, இது அதைவிட எவ்வளவோ மேல்.

ஓசூர்_நைட்ஷிப்ட்
திங்கள், மதியம் 2.30

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் பவுடர் என்றாலே விஷம் என்கிற பக்கம் இந்தப் பேச்சு போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் ஆறு வருடமாக வே எடுக்கிறேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு ரூமுக்கு வந்தால் அடுப்பு கிடையாது, மெஸ் எட்டரைக்குத்தான் திறக்கும், கண் சொருகும். அந்த நேரத்தில் தண்ணீரில் ஒரு கரண்டி கலக்கிக் குடித்துவிட்டுப் படுத்தால் 24 கிராம் உள்ளே போய்விடுகிறது. சாப்பாட்டில் வராத எந்த மந்திரமும் அதில் இல்லை, வசதி இருக்கிறது, அதற்குத்தான் காசு கொடுக்கிறேன். தம்பிக்கு 16,000 சம்பளத்தில் அந்த வசதி தேவையில்லை என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

காசு கொடுத்து வாங்குவதில் உண்மையில் பலன் இருக்கிறது என்று நான் நினைப்பது கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஒன்றுதான். இது இறைச்சியிலும் மீனிலும் இயற்கையாகவே உள்ள பொருள், நம் உடம்பும் கொஞ்சம் தயாரிக்கிறது. தினமும் 3 முதல் 5 கிராம் போதும். எட்டு ரெப்ஸ் வருகிற இடத்தில் ஒன்பதோ பத்தோ வரும், ஆரம்பத்தில் தசைக்குள் தண்ணீர் சேர்ந்து எடை ஒரு கிலோ ஏறும். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி ஆளே மாறிவிட மாட்டோம்.

இதில் ஒரு எச்சரிக்கை. இரண்டு வருடம் முன்பு கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் என் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளப்பது) 1.4 என்று வந்துவிட்டது. கிட்னி போச்சு என்று வீட்டில் அழுகையே வந்துவிட்டது. கிரியேட்டின் எடுத்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடிக் காட்டும், அது சிறுநீரகம் கெட்டதற்கு அடையாளம் ஆகாது என்று பிறகு டாக்டர் விளக்கினார், நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தபோது 1.0. அதனால் எடுக்கிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத்தில் ஏற்கெனவே பிரச்சினை இருக்கிறவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

சொசைட்டிக்காரர்
திங்கள், இரவு 8.10

நான் ஜிம் பக்கம் போனதில்லை. காவேரிப்பட்டணம் பக்கம் பால் சொசைட்டியில் டெஸ்டராக இருந்தவன், பாலின் அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டரும், எஸ்.என்.எஃப் என்கிற, பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள் அளவும்தான் என் வாழ்க்கை. என் மகன் ஒரு டப்பா வாங்கி வந்தபோதுதான் இந்த வே என்பது என்ன என்று உட்கார்ந்து படித்தேன்.

பாலில் இருக்கிற புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசின், 20 சதவீதம் வே. சீஸ் செய்யும்போது கேசின் கட்டியாகி மேலே நிற்கும், கீழே பச்சையும் மஞ்சளுமாக ஒரு தெளிவு வடியும், அதில் இருப்பதுதான் வே. ஒரு காலத்தில் வெளிநாட்டில் அதைக் கழிவு என்று பன்றிக்கு ஊற்றினார்கள், ஆற்றில் விட்டார்கள். பிறகு மெல்லிய சவ்வு வழியாக வடிகட்டிப் புரதத்தை மட்டும் பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள், கழிவு விலை பேச ஆரம்பித்தது. கணக்குப் பாருங்கள். ஒரு லிட்டர் பாலில் புரதம் 32 கிராம், அதில் வே ஆறரை கிராம் கூட வராது. ஒரு கரண்டி பவுடரில் 24 கிராம் வே இருக்க வேண்டும் என்றால் நாலு லிட்டர் பாலின் தெளிவு வேண்டும். ஆகவே ரொம்ப மலிவாக ஒருவன் விற்கிறான் என்றால் எங்கேயோ இடிக்கிறது.

வீட்டில் பனீர் செய்து அந்தத் தண்ணீரைக் குடித்தால் இலவசமாக வே கிடைக்கும் என்று யாரோ வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார்கள். அதுவும் சரியில்லை. பனீருக்கு நாம் பாலைக் காய்ச்சித்தான் திரிக்கிறோம், அந்தச் சூட்டில் வே புரதத்தில் பெரும்பங்கு கேசினோடு ஒட்டிக்கொண்டு பனீருக்குள்ளேயே போய்விடும். தண்ணீரைக் கீழே ஊற்ற வேண்டாம், ரசத்திலோ சப்பாத்தி மாவிலோ சேருங்கள், ஆனால் அதில் சதை ஏறும் என்று நம்பாதீர்கள். பனீரைச் சாப்பிடுங்கள்.

கலப்படம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது என் தொழிலில் கண்டது. பாலில் தண்ணீர் ஊற்றினால் எஸ்.என்.எஃப் இறங்கும், அதைத் தூக்கிக் காட்ட யூரியா போடுகிறவர்கள் உண்டு. பவுடரிலும் அதே வித்தைதான். பல ஆய்வகங்களில் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிச் சொல்வார்கள். அப்போது கிளைசின், டாரின் மாதிரி மலிவான அமினோ அமிலங்களைக் கொட்டினால் நைட்ரஜன் ஏறும், லேபிளில் 24 என்று வரும், உள்ளே உண்மையான புரதம் குறைவாக இருக்கும். 2008ல் சீனாவில் குழந்தைகள் பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்கிற ரசாயனம் போட்டதும் இதே கணக்கில்தான், குழந்தைகள் செத்துப்போனார்கள்.

கேரளத்தில் மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸ் குழு நம் நாட்டில் விற்கிற 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024ல் வெளியிட்டது. ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியில்லை, சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சான அஃப்லடாக்சின் இருந்தது. என் மகனிடம் அதைக் காட்டினேன். அவன் டப்பாவை எறியவில்லை, ஆனால் அடுத்தது வாங்கவில்லை.

ஓசூர்_நைட்ஷிப்ட்
திங்கள், இரவு 9.00

ஐயா, இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை, நன்றி. அஃப்லடாக்சின் கடலையிலும் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். தம்பி, கட்டிலுக்கு அடியில் கிடக்கிற கடலையில் பூஞ்சை வாடை அடித்தாலோ நிறம் மாறியிருந்தாலோ தயங்காமல் கொட்டிவிடு.

மருந்துக்கடை_அக்கா
செவ்வாய், காலை 10.20

அரூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதுவரை எல்லோரும் டப்பாவைப் பற்றியே பேசினீர்கள். தம்பி முதல் பதிவின் கடைசியில் எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது, நாலு மாதத்தில் சட்டைக் கை பத்தாமல் போன அந்தப் பையன்.

மாதத்துக்கு நாலைந்து பையன்களாவது கடைக்கு வந்து, மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்று, பிறகு போனில் ஒரு ஊசி மருந்துக் குப்பியின் படத்தைக் காட்டி "இது இருக்காக்கா" என்று கேட்கிறார்கள். சதை ஏற்றுகிற ஹார்மோன் ஊசிகளான டெஸ்டோஸ்டிரோன், நாண்ட்ரோலோன், இப்போது புதிதாக மெபென்டெர்மைன். இந்த மெபென்டெர்மைன் அறுவை சிகிச்சை மேஜையில் மயக்க மருந்தால் ரத்த அழுத்தம் விழுந்தால் தூக்குவதற்குப் போடுகிற ஊசி, அதை ஜிம்மில் சுறுசுறுப்புக்குப் போட்டுக்கொள்கிறார்கள், இதயம் தாங்குமா? சீட்டு இல்லாமல் இதில் ஒன்றையும் நான் தருவதில்லை. ஆனாலும் எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது என்பது அவர்கள் தோள்பட்டையைப் பார்த்தால் தெரிகிறது.

1996ல் அமெரிக்காவில் ஷலேந்தர் பாசின் என்கிற மருத்துவரின் குழு 43 ஆண்களைப் பத்து வாரம் வைத்துப் பார்த்தது. சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி, இரண்டிலும் பாதிப் பேர் பயிற்சி செய்தார்கள், பாதிப் பேர் செய்யவில்லை. ஊசி இல்லாமல் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை 2 கிலோ அளவுக்கு ஏறியது. ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. திரும்பப் படித்துப் பாருங்கள். வியர்வை சிந்தியவனை விட, ஊசியைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தவனுக்கு அதிகம் ஏறியிருக்கிறது.

இதனால்தான் போஸ்டரில் இருக்கிற உடம்பைப் பார்த்துப் பவுடர் வாங்குவது ஏமாந்துபோகிற வழி என்கிறேன். பவுடர் வெறும் பால். பாலுக்கு அந்த உடம்பைத் தருகிற சக்தி இல்லை. அந்த உடம்பு எதனால் வந்ததோ அது படத்தில் இருக்காது. மூன்று டப்பா முடிந்தும் போஸ்டர் உடம்பு வரவில்லையே என்று பையன் உடைந்துபோகிற நேரம் பார்த்து, "அடுத்த லெவல்" என்று ஒருவன் காதில் ஓதுவான். நான் பார்த்த பையன்கள் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் ஊசிக்கு வந்தார்கள்.

இரும்புப்பட்டறை
செவ்வாய், காலை 11.00

அக்கா சொல்வது முழுக்க உண்மை. ஒன்று மட்டும், தம்பி, அந்தப் பையன் ஊசி போடுகிறான் என்று நாமாக முடிவு கட்ட வேண்டாம். சிறுவயதிலிருந்து நன்றாகச் சாப்பிட்டு, கபடி ஆடி வந்த பையன்களுக்கு முதல் ஆறு மாதம் மளமளவென்று ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் உடம்பு வாகு ஒருத்தனுக்கு வராது.

பர்கூர்_வெயில்
செவ்வாய், இரவு 11.50

இதைப் பெயர் போட்டு எழுத முடியாது. வயது 31, கிரானைட் பாலிஷ் யூனிட்டில் வேலை. அக்கா எழுதியதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

எனக்கு 26 வயதில், 68 கிலோவிலேயே இரண்டு வருடம் நின்றுபோன நேரத்தில், நான் போன ஜிம்மின் மாஸ்டர் முதல் ஊசியைப் போட்டுவிட்டார். சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே எண்ணெய் மாதிரி கெட்டியாக மஞ்சள் திரவம், குளிர் நாளில் சிரிஞ்சில் ஏறவே ஏறாது, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவார். பிட்டத்தில் போட்ட இடம் இரண்டு நாள் கல் மாதிரி இருக்கும். கூடவே மாத்திரை. நாலு மாதத்தில் 81 கிலோ. தெருவில் நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷம் பொய் என்று சொல்ல மாட்டேன், என் வாழ்க்கையில் அப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததே இல்லை.

அப்புறம் முதுகு முழுக்கக் கொப்புளம். மார்க்காம்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவு கட்டி, பனியன் உரசினாலே உயிர் போகும். எதற்கெடுத்தாலும் கோபம், அம்மாவையே தள்ளிவிட்டேன் ஒருநாள். நிறுத்தினேன், மூன்றே மாதத்தில் ஏறியது பாதி இறங்கிவிட்டது, மனசும் அதோடு இறங்கிவிட்டது, மறுபடி ஆரம்பித்தேன். இப்படி இரண்டு வருடம்.

கல்யாணமாகி ஒரு வருடம் குழந்தை இல்லை என்று என் மனைவியைத்தான் எல்லோரும் கேட்டார்கள். பரிசோதனையில் என் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை, தன் பங்குக்கு விரைக்குப் போட வேண்டிய உத்தரவை நிறுத்திவிடும், உத்தரவு வராத தொழிற்சாலை மூடிக்கொள்ளும். முழுதாக நிறுத்தி, மருந்து எடுத்து, 14 மாதம் கழித்துத்தான் எண்ணிக்கை திரும்ப வந்தது. இப்போது எட்டு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். எல்லோருக்கும் திரும்பும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். மார்க்கட்டி அப்படியே இருக்கிறது, அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும். ஐந்து வருடமாக யார் முன்னாலும் சட்டையைக் கழற்றியதில்லை, கிணற்றில் குளிக்கப் போவதையே விட்டுவிட்டேன்.

நான் எழுத வந்தது வேறு. 81 கிலோ இருந்த நாட்களில் மாஸ்டர் என் கையில் ஒரு வே டப்பாவைக் கொடுத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். அந்த டப்பாவை நான் திறந்ததுகூட இல்லை. என் கையைப் பார்த்து மூன்று பையன்கள் வாங்கினார்கள், அதில் ஒருவன் எங்கள் தெருவில் டீக்கடையில் வேலை பார்த்தவன், சம்பளத்தை முன்பணமாக வாங்கிக் கொண்டு வந்து கட்டினான். ஒரு வருடம் கழித்து "அண்ணா, நீங்க சாப்பிட்டதுதானே நானும் சாப்பிட்டேன், எனக்கு ஏன் வரல" என்று கேட்டான். பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. காரிமங்கலம் தம்பி, அவனுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்: டப்பாவில் வந்ததில்லை அது.

மருந்துக்கடை_அக்கா
புதன், காலை 7.30

தம்பி, எழுதியதற்கு நன்றி. அந்தக் கட்டிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டலாம், வெட்கப்பட வேண்டாம், தினமும் பார்க்கிற விஷயம்தான் அவர்களுக்கு. வருடம் ஒருமுறை கொழுப்புப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த மருந்துகள் நல்ல கொழுப்பை இறக்கிவிடும். டீக்கடைப் பையனை முடிந்தால் போய்ப் பாருங்கள்.

பென்னாகரம்_வாத்தியார்
புதன், மாலை 5.00

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். போலீஸ் தேர்வுக்குப் பையன்களைப் பள்ளி மைதானத்தில் பழக்கியவன். மார்பு 81 சென்டிமீட்டர், மூச்சிழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும், 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். களியும் கடலையும் தின்ற பையன்கள்தான் எல்லாவற்றையும் செய்தார்கள். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, வேறென்ன?

வங்கத்து மனோகர் ஐச் என்ற மனிதரைத் தெரிந்துகொள்ளுங்கள். உயரம் 4 அடி 11 அங்குலம். வெள்ளைக்காரன் காலத்தில் சிறையில் இருந்தபோது எந்தக் கருவியும் இல்லாமல் மணிக்கணக்காகப் பயிற்சி செய்து உடம்பைத் தேற்றினார். 1952ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில், உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவில் பட்டம். சோறு, பருப்பு, மீன், பால், இதுதான் சாப்பாடு. டயனபால் என்கிற, சதை ஏற்றும் ஸ்டீராய்டு மாத்திரை கடைக்கு வந்ததே 1958ல்தான். 2016ல் இறக்கும்போது அவருக்கு வயது 104.

ஓசூர்_நைட்ஷிப்ட்
புதன், மாலை 6.40

சார் மேல் மரியாதை உண்டு, ஐச் பற்றிச் சொன்னதும் அருமை. ஆனால் களி மட்டும் போதும் என்று பையன்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல், அதில் அதை மிஞ்ச அரிசியோ கோதுமையோ கிடையாது, புரதம் மட்டும் 7 கிராம்தான். நம் பாட்டிமார் களியைத் தனியாகப் போடவில்லையே, கூடவே கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடைசல் வைத்தார்கள். தானியத்தில் குறைவாக இருக்கிற லைசின் என்கிற அமினோ அமிலத்தைப் பயறு ஈடுகட்டும். நாம் பாதியை மறந்துவிட்டுக் களியை மட்டும் கும்பிடுகிறோம்.

காரிமங்கலம்_23
புதன், இரவு 10.15

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பர்கூர் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். பவுடர் வாங்கவில்லை, மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம். மெஸ் அக்காவிடம் கொள்ளு வேக வைத்துத் தருவீர்களா என்று கேட்டால், "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு, நீ ஏற்கெனவே குச்சி, கொள்ளு தின்னா இன்னும் இளைச்சிடுவே" என்கிறார். அது உண்மையா?

இரும்புப்பட்டறை
வியாழன், காலை 6.00

பழமொழியில் பாதி சரி. எள்ளில் எண்ணெய் அதிகம், நூறு கிராமுக்கு 550 கலோரிக்கு மேல், கொள்ளில் 320 சொச்சம். அதனால் இளைத்தவனுக்கு எள் தேறுதல் தரும். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது, வயிற்றை நிரப்பிப் பசியை அடக்கும், சாப்பாடு குறையும், அதனால் கொழுத்தவன் இளைப்பான். நீ சோற்றைக் குறைக்காமல் கூடவே சாப்பிட்டால் இளைக்க மாட்டாய். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனால் அம்மாவிடம் எள்ளுருண்டையும் கேள். கொள்ளை ராத்திரி ஊறவைத்து நன்றாக வேக வைக்க வேண்டும், பச்சையாகத் தின்றால் செரிக்காது.

காரிமங்கலம்_23
மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

அண்ணா, நீங்கள் சொன்னபடி செய்துவிட்டு வந்து எழுதுகிறேன். எடை 62.8. பெஞ்ச் 52.5 கிலோ, 6 ரெப்ஸ். ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) வெறும் ராடில் ஆரம்பித்து இப்போது 60 கிலோ. நோட்டில் 31 பக்கம் முடிந்திருக்கிறது.

கொள்ளைத் துணிப்பையில் அளந்து மெஸ் அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன், உப்பும் வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளித்துத் தருகிறார், பத்து ரூபாய். பக்கத்து மேஜைப் பையன்கள் நாலு பேர் கேட்டுச் சாப்பிட ஆரம்பித்ததில் இப்போது அவரே செவ்வாய், வியாழன் கொள்ளுச் சுண்டல் போடுகிறார். முட்டை தினமும் நாலு, ஷிப்ட் பையில் வேக வைத்து எடுத்துப் போகிறேன். பால்தான் ஒழுங்காக முடிவதில்லை, ராத்திரி ஷிப்ட் வாரத்தில் திரிந்துவிடுகிறது. கண்ணாடி முன்னால் நிற்கும்போது இன்னும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வேலையில் மூட்டையைத் தூக்கி அடுக்கில் வைக்கும்போது தெரிகிறது.

ஒரு கேள்வி. கால் பயிற்சி செய்த மறுநாள் ஷிப்டில் எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை, மாடிப்படி இறங்கவே கைப்பிடி வேண்டியிருக்கிறது. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் கால் நாளை எங்கே வைப்பது?

இரும்புப்பட்டறை
திங்கள், காலை 6.10

வார விடுமுறைக்கு முந்தைய நாள் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து மாலையில் செய். மறுநாள் லீவில் வலிக்கட்டும், சும்மா படுக்காமல் அரை மணி நேரம் நட. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் எடையை ஏற்ற வேண்டாம், போன வார எடையிலேயே இரண்டு செட் குறைத்துச் செய். பாலுக்குப் பதில் தயிர் வாங்கு, ராத்திரி ஷிப்ட் முழுக்கத் தாங்கும். நோட்டு 40 பக்கம் முடிந்ததும் ஒரு படம் எடுத்துப் போடு.